மூச்சுக்குப் பதினெட்டு

வான்கோழி ஓடைப் பள்ளத்தில் காலை ஒன்பது மணிக்கு முன்னால் வெயில் விழாது. இரண்டு பக்கமும் மலை, நடுவே ஓடை, ஓடையை ஒட்டி ரோடு, ரோட்டை ஒட்டி வீடுகள். கென்டக்கியின் அந்த மூலையில் கடவுள் அதற்குமேல் இடம் விடவில்லை. டாக்வுட் மரங்கள் வெள்ளையாகப் பூக்கும் ஏப்ரல் வாரத்தில், போய்விட்டது என்று நினைத்த குளிர் ஒருமுறை திரும்பி வரும். அவசரப்பட்டுத் தக்காளி நாற்று நட்டவர்கள் தலையில் கை வைத்துக்கொள்வார்கள். டெல்ஃபா அந்த வருஷம் நாற்று எதுவும் நடவில்லை. ஆனாலும் அந்த வாரத்தில் ஊரிலேயே அதிகமாக இழந்தவள் அவள்தான்.

அந்த வாரம் ஒரு நாள் காலை ஐந்தரை மணிக்கு வெள்ளைச் சட்டையும் நீலப் பேன்ட்டும் போட்டுக்கொண்டு அடுக்களைக்கு வந்தாள். வயது நாற்பத்து மூன்று. சமுதாயக் கல்லூரியில் நர்சிங் இரண்டாம் வருஷம், கடைசிப் பருவம். வாரத்தில் இரண்டு நாள் வகுப்பு, இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் செய்முறை. மற்ற நாட்களில் முதியோர் இல்லத்தில் ஆயா வேலை. அந்த வேலைக்குப் பதினாறு வருஷம் ஆகியிருந்தது.

முன்னறையில் சாய்வு நாற்காலியில் அவள் புருஷன் எஸ்டில் விழித்துக்கொண்டிருந்தான். அவன் கட்டிலில் படுத்து இரண்டு வருஷமாகிறது. படுத்தால் மூச்சு முட்டும். பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் உறுமிக்கொண்டே இருக்கும், அதிலிருந்து ஒரு குழாய் அவன் மூக்குக்குப் போகும். குழாய் எட்டுகிற தூரம்தான் அவனுடைய உலகம். அடுக்களை அடுப்புவரை எட்டும், வாசல்படிக்கு எட்டாது.

"நர்ஸம்மா கிளம்பியாச்சா?" என்றான்.

"இன்னும் மூணு வாரம். அதுக்கப்புறம் கிண்டல் பண்ணிப் பாரு, ஊசியைப் போட்டுருவேன்."

"எங்க போடுவ? சதையா இருக்கு இங்க?" சிரித்து, சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க இரண்டு நிமிஷம் பிடித்தது. அடங்கியதும் தினமும் கேட்கிற கேள்வியைக் கேட்டான். "ஆர்லிஸ் கிழவன் செத்தானா?"

"நேத்து ரெண்டு பிஸ்கட்டும் ஒரு கிண்ணம் குழம்பும் தின்னான்."

"நீதானே ஊட்டுன?"

"வேற யாரு ஊட்டுவா? அவன் பெத்ததுங்களா வருதுங்க?"

"நல்லா ஊட்டு. நான் போறதுக்குள்ள அவன் போறதைப் பார்த்துரணும்னு நெனச்சேன். நீ விட மாட்ட போலிருக்கு."

ஆர்லிஸ் நிலக்கரிச் சுரங்கத்தில் எஸ்டிலுக்கு மேஸ்திரியாக இருந்தவன். பதினான்கு வருஷம். சுரங்கக் காற்றில் எவ்வளவு தூசி இருக்கிறது என்று பார்க்க, தொழிலாளியின் இடுப்பில் ஒரு சின்னப் பெட்டியை மாட்டிவிடுவார்கள். வேலை முடியும்வரை அது காற்றை இழுத்து அளக்கும். பெட்டி வருகிற நாளில் ஆர்லிஸ் ஒவ்வொருவனிடமும் போய், அதைச் சாப்பாட்டுத் தூக்கில் போட்டு மூடி வைக்கச் சொல்லுவான். அளவு கூடினால் சுரங்கத்தை மூடிவிடுவார்கள், அப்புறம் உன் வீட்டில் அடுப்பு எரியுமா என்பான். எல்லாரும் மூடி வைத்தார்கள். எஸ்டிலும்தான். காகிதத்தில் அந்தச் சுரங்கம் மலையுச்சியைப்போலச் சுத்தமாக இருந்தது. எஸ்டிலுக்கு நாற்பத்தாறு வயதில் நெஞ்சுப் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், படத்தை ஒருமுறை கழற்றி, வேறு யாருடையதோ என்று பெயரைச் சரிபார்த்தார்.

இப்போது அந்த ஆர்லிஸ் முதியோர் இல்லத்தில் பதினோராம் அறையில் கிடந்தான். அவனுக்கும் அதே நெஞ்சுதான். மேஸ்திரியென்று தூசி ஒதுங்கிப் போகுமா? மாவட்டத்துக்கு இருப்பது ஒரே இல்லம். அதனால் அவனுக்குச் சோறு ஊட்டித் துடைத்துவிட டெல்ஃபாதான் வாய்த்தாள்.

அவள் படிக்கப் போனதற்கும் அந்த இல்லம்தான் காரணம். நான்கு வருஷத்துக்கு முன் ஹேஸல் என்ற கிழவிக்குக் காலைச் சாப்பாட்டின்போது வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. டெல்ஃபா ஓடிப்போய் நர்ஸிடம் சொன்னாள். நர்ஸ் மாத்திரை வண்டியிலிருந்து தலையைத் தூக்காமலே, "நீ ஆயா. என்ன வியாதின்னு பார்க்கிறது உன் வேலை இல்ல" என்றாள். ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தாள். ஹேஸல் அதற்குப் பிறகு பேசவில்லை. அடுத்த திங்கட்கிழமை டெல்ஃபா கல்லூரிக்குப் போய் விண்ணப்பத்தை வாங்கினாள். தான் சொல்வதை ஒருவர் காது கொடுத்துக் கேட்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. எஸ்டில் இன்னும் எத்தனை நாள் என்று தெரியாது. அவன் போனபிறகு அறுபது வயதுவரை கிழவர்களைப் புரட்டிப்போட அவள் முதுகு தாங்காது என்பதும் தெரியும். ஆனால் ஹேஸலின் வாய்தான் அவளைத் தள்ளியது.

இரண்டு வருஷம் காத்திருந்து இடம் கிடைத்தது. வகுப்பில் பத்துப் பேர். மற்ற எல்லாரும் அவள் வயதில் பாதி. மருந்து அளவுக் கணக்குப் பரீட்சையில் முதல் தடவை தோற்று, அடுக்களை மேஜையில் உட்கார்ந்து அழுது, இரண்டாம் தடவை நூற்றுக்கு நூறு வாங்கினாள். பக்கத்தில் உட்கார்ந்த டபிதா என்ற இருபது வயதுப் பெண் அவளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தாள். ஆளைப் படுக்கையில் வைத்துக்கொண்டே விரிப்பு மாற்றுவது எப்படி என்று டெல்ஃபா அவளுக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

அன்று ஆஸ்பத்திரியில் டெல்ஃபாவுக்கு ஓமா நேப்பியர் என்ற எழுபத்தெட்டு வயதுக்காரியைக் கொடுத்திருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் சமையல் வேலை பார்த்தவள். இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆகி மூன்றாம் நாள். இரவு முழுக்க வலியில் கத்தியிருக்கிறாள். ஏழு மணிக்கு ஆஸ்பத்திரி நர்ஸ் வந்து வலிக்கு ஊசி போட்டாள்.

ஊசி ஏறுவதற்குள் டெல்ஃபா வெந்நீர் கொண்டுவந்து முகம் துடைத்தாள். முதுகில் களிம்பு தேய்த்தாள். மூன்று நாளாகச் சீப்பே படாத தலையை, நுனியிலிருந்து சிக்கெடுத்து, வலிக்காமல் வாரிப் பின்னிவிட்டாள்.

"நீ எந்த ஓடைக்காரி?" என்றாள் ஓமா, கண் செருகிக்கொண்டு.

"வான்கோழி ஓடை. உங்க சோள ரொட்டியைத் தின்னுதான் எங்க வீட்டுக்காரர் வளர்ந்தாரு."

"அப்ப நல்லாத்தான் வளர்ந்திருப்பான்" என்று சொல்லிக்கொண்டே தூங்கிப்போனாள். பாவம், இப்போதாவது தூங்கட்டும் என்று டெல்ஃபா போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள். கட்டிலருகே இருந்த மெஷின் ரத்த அழுத்தம் காட்டியது, நாடி காட்டியது. காய்ச்சல் பார்க்கும் கருவி காய்ச்சலைச் சொன்னது. அவள் கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகப் போட்டாள். மூச்சு என்ற கட்டத்தில் பதினெட்டு என்று போட்டாள்.

அதை அவள் யோசித்துப் போடவில்லை. பதினாறு வருஷத்துக்கு முன், இல்லத்தில் சேர்ந்த முதல் நாள், கூட இருந்த மூத்த ஆயா கற்றுக்கொடுத்த பாடம் அது. மற்றதையெல்லாம் மெஷின் சொல்லும், மூச்சை மட்டும் கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிஷம் எண்ண வேண்டும். ஒரு ஆளுக்கு இருபத்திரண்டு படுக்கை. இருபத்திரண்டு நிமிஷம் சும்மா நின்று நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தால் அதற்குள் மூன்று பேர் கீழே விழுவார்கள், நான்கு பேர் நனைத்துக்கொள்வார்கள். "மூச்சுக்குப் பதினெட்டு. யாரும் கேக்க மாட்டாங்க" என்றாள் அந்த ஆயா. யாரும் கேட்கவுமில்லை. அந்த மாவட்டத்தில் பதினாறு வருஷமாக எல்லாக் கிழவர்களும் நிமிஷத்துக்குப் பதினெட்டு மூச்சு விட்டார்கள். செத்துப்போன நாள் காலையில்கூடப் பதினெட்டு விட்டுவிட்டுத்தான் செத்தார்கள்.

எட்டு மணிக்கு ஆசிரியை மிஸஸ் ப்ரூயிட் சுற்றி வந்தார். ஓமாவின் கட்டிலருகே நின்றார். போர்வையை விலக்கி, மார்பில் கையை வைத்து, கடிகாரத்தைப் பார்த்தார். நிமிஷம் முடிவதற்குள் சுவரிலிருந்த மணியை அழுத்திவிட்டார். நிமிஷத்துக்கு ஏழு மூச்சுதான் வந்துகொண்டிருந்தது. ஊசி அவளுக்கு அதிகம். உதடு ஈயம்போல் ஆகியிருந்தது.

நான்கு பேர் ஓடிவந்து மாற்று மருந்து ஏற்றினார்கள். பத்து நிமிஷத்தில் ஓமா கண்ணைத் திறந்து, பழைய வலி திரும்பி வந்ததில் ஓவென்று அழுதாள். பிழைத்துக்கொண்டாள்.

நடைபாதையில் டபிதா டெல்ஃபாவின் கையைப் பிடித்து விரிப்பு அலமாரிப் பக்கம் இழுத்துப் போனாள்.

"டெல்ஃபாக்கா, ஊசி போட்டது ஏழு மணி. நீங்க ஊசிக்கு முன்னாடி எண்ணினதாச் சொல்லிருங்க. அப்பப் பதினெட்டு இருந்துச்சு, அப்புறம் கொறைஞ்சுது. அவ்ளோதான். எழுதத்தான் லேட்டாச்சுன்னு சொல்லுங்க."

"நான் எண்ணவே இல்ல புள்ள."

"யாருதான் எண்ணுறா? நான் மட்டும் எண்ணினேனா?" என்றாள் டபிதா. "மூணு வாரம்க்கா. மூணே வாரம்."

பத்து மணிக்கு மிஸஸ் ப்ரூயிட் அவளைக் காப்பி மெஷின் இருக்கும் சின்ன அறைக்குக் கூப்பிட்டார். ஐம்பத்தெட்டு வயது, அதே மலைக்காரி, இரண்டு ஓடை தள்ளிப் பிறந்தவர். கதவைச் சாத்தினார். கல்லூரி விதிப் புத்தகம் மடியில் இருந்தது, ஆனால் அதைத் திறக்கவில்லை.

"ஒண்ணுதான் கேக்கறேன் டெல்ஃபா. நீ எண்ணினியா?"

டபிதா சொல்லிக்கொடுத்தது நாக்கு நுனியில்தான் இருந்தது. ஆனால் பதினாறு வருஷத்தில் யாரும் அவளிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. கேட்டால் எப்படிப் பொய் சொல்வது என்று அவளுக்குப் பழக்கமே இல்லை.

"இல்ல மேடம்."

மிஸஸ் ப்ரூயிட் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "ஊசிக்கு முன்னாடி எண்ணினேன்னு சொல்லுவேன்னு நெனச்சேன். சொல்லியிருந்தா நம்பியிருப்பேன்."

"இப்பச் சொல்லட்டுமா?"

"இப்ப எப்படிச் சொல்லுவ?"

"மேடம், நான் அவங்க தலையைப் பின்னிவிட்டேன். முதுகைப் பார்த்தேன், புண் இல்ல. பாதத்தைத் தொட்டுப் பார்த்தேன். எல்லாம் பண்ணினேன்."

"தெரியும். பத்துப் பேர்ல உன்னை மாதிரிக் கை யாருக்கும் இல்ல. அதையும் எழுதத்தான் போறேன். ஆனா பார்க்காததைப் பார்த்ததா எழுதினா வெளியே. திரும்பச் சேர முடியாது. நீயும் அதுல கையெழுத்துப் போட்டிருக்க."

"ஆயா வேலையில எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க."

"எனக்குச் சொல்றியா? நானும் அஞ்சு வருஷம் ஆயாவா இருந்தவதான். பதினெட்டைப் பார்த்ததும் அதனாலதான் போர்வையை விலக்கினேன்."

"அப்ப உங்களை மட்டும் ஏன் விட்டாங்க?"

மிஸஸ் ப்ரூயிட் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "என்னை யாரும் கேக்கல" என்றார்.

டெல்ஃபா தன் பையை எடுக்க ஓமாவின் அறைக்குப் போனபோது கிழவி விழித்திருந்தாள். பின்னலைத் தடவிக்கொண்டே, "நீ நல்லா இருப்ப மகளே" என்றாள். டெல்ஃபா பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். வண்டி நிறுத்துமிடத்தில் ஆலங்கட்டியும் மழையும் கலந்து அடித்தது. வண்டியைக் கிளப்பாமல் அதில் அரைமணி நேரம் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள்.

வீட்டுக்கு வந்தபோது எஸ்டில் அடுப்பருகே நின்றிருந்தான். அவள் படிப்பு முடியப்போகிறது என்று, கொஞ்ச நாளாக மதியச் சமையலை அவன் ஏற்றுக்கொண்டிருந்தான். பன்றிக் கொழுப்பு போட்டு பீன்ஸ் வெந்துகொண்டிருந்தது. அதைக் கிளறிவிட்டு ஒரு தடவை, உப்புப் போட்டு ஒரு தடவை என்று நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து சமைப்பான்.

"என்ன, மத்தியானமே வந்துட்ட? ஆஸ்பத்திரி எரிஞ்சு போச்சா?"

அவள் சொன்னாள். நின்றுகொண்டே, சட்டையைக்கூட மாற்றாமல், ஆதியிலிருந்து சொன்னாள். அவன் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து கேட்டான்.

"அந்தப் பொண்ணு சொன்ன மாதிரிச் சொல்ல வேண்டியதுதானே?"

"எண்ணினியான்னு கேட்டாங்க."

"எண்ணினேன்னு சொல்ல வேண்டியதுதானே. நாலு வருஷம் இதுக்குன்னு ஒழிஞ்சுது. நான் இந்த நாற்காலியில உக்காந்து உன் புஸ்தகத்துல கேள்வி கேட்டு, சிறுநீரகத்துல என்னென்ன இருக்குன்னு எனக்கே மனப்பாடம் ஆயிருச்சு. ஒரு பொய் வரல உன் வாயில."

"உனக்கென்ன, சுலபமாச் சொல்லிட்ட. உன்னை மாதிரி டப்பாவைத் தூக்குல போட்டு மூடிட்டு வந்து உக்காரச் சொல்றியா?"

சொன்னபிறகு அவளுக்கே சுருக்கென்றது. அந்தப் பேச்சைக் கல்யாணமான இருபத்து மூன்று வருஷத்தில் அவள் எடுத்ததில்லை.

"மூடினேன்" என்றான் எஸ்டில். "ஆனா நான் மூடினது என் நெஞ்சுக்கு. நீ பதினெட்டுன்னு எழுதினது அந்தப் பொம்பளை நெஞ்சுக்கு. நீ என்னை மாதிரி இல்ல டெல்ஃபா. நீ ஆர்லிஸ் மாதிரி."

ஒரு கிண்ணத்தில் பீன்ஸை ஊற்றி, சோள ரொட்டியும் வெங்காயமும் வைத்து அவன் மடியில் கொடுத்தாள். அவன் தின்றான். அவள் தின்னவில்லை. அதற்குப் பிறகு இரண்டு மாதம் அவன் ஆர்லிஸைப் பற்றிக் கேட்கவில்லை.

மே மாதம் மற்ற ஒன்பது பேரும் மேடையேறி, படிப்பு முடித்ததற்கான ஊசிப்பதக்கத்தைச் சட்டையில் குத்திக்கொண்டார்கள். டெல்ஃபா அன்று இல்லத்தில் வேலை கேட்டு வாங்கிக்கொண்டாள். முழுநேரத்துக்குத் திரும்பியவளை இல்லத்தில் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆள் கிடைத்ததே போதும் என்றிருந்தது அவர்களுக்கு.

ஒன்று மட்டும் மாறியிருந்தது. அவள் எண்ண ஆரம்பித்திருந்தாள். ஒவ்வொரு கட்டிலருகிலும் ஒரு நிமிஷம் முழுசாக நின்று, போர்வையை விலக்கி, கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். அவள் பக்கத்துச் சாப்பாட்டுத் தட்டுகள் ஆறிப்போயின. மற்ற ஆயாக்கள், "வந்துட்டாங்க டாக்டரம்மா" என்று காதுபட முணுமுணுத்தார்கள். அவள் கவலைப்படவில்லை. எஸ்டில் சொன்ன சொல்லை அவள் வேறெப்படியும் கழுவ முடியாது.

ஜூன் கடைசியில் இல்லத்துக்குப் புதிதாக ஒரு நர்ஸ் வந்தாள். டபிதா. பரீட்சை தேறிய இரண்டாம் வாரமே, அறுபது படுக்கைக்கும் அவள்தான் பொறுப்பு. முதல் நாள் டெல்ஃபாவைப் பார்த்ததும் கட்டிப்பிடித்து அழுதாள். "நீங்க இருக்கீங்கன்னு தெரிஞ்சுதான்க்கா இந்த வேலைக்கே வந்தேன்" என்றாள். அது உண்மையாகவும் இருக்கலாம்.

ஒரு சனிக்கிழமை மதியம். புழுக்கம் தாங்கவில்லை, ஏசி பாதி வேலை செய்தது. ஆயா ஒருத்தி வரவில்லை, டெல்ஃபாவுக்கு முப்பது படுக்கை. பதினோராம் அறையில் ஆர்லிஸ் தலையணைகளுக்கு நடுவே நிமிர்ந்து உட்கார்ந்து, ஓடைக் கரையில் எடுத்துப்போட்ட மீனைப்போல வாயைத் திறந்து திறந்து மூடினான். அவள் எண்ணினாள். நம்பாமல் இன்னொரு நிமிஷம் எண்ணினாள்.

"எவ்ளோ?" என்றான் ஆர்லிஸ், ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் நிறுத்தி.

"முப்பத்திரண்டு."

"அதிகமா?"

"அதிகம்தான்."

"அப்படியே எழுது டெல்ஃபா. டாக்டர் வந்து பார்க்கட்டும்."

அவள் எழுதினாள். அங்கே இன்னும் காகிதம்தான். காகிதத்தைக் கொண்டுபோய் மேஜையில் வைத்துவிட்டு, சாப்பாட்டு வண்டியைத் தள்ளப் போனாள். ஐந்து நிமிஷத்தில் டபிதா பின்னாலேயே வந்தாள். நெற்றியில் வேர்வை, கையில் அதே காகிதம்.

"டெல்ஃபாக்கா, ஆர்லிஸுக்கு முப்பத்திரண்டுன்னு போட்டிருக்கீங்க."

"ரெண்டு தடவை எண்ணினேன்."

"நேத்துப் பதினெட்டு. முந்தாநாள் பதினெட்டு."

"ரெண்டு நாளும் எனக்கு லீவு."

"முப்பத்திரண்டுன்னா நான் டாக்டரைக் கூப்பிடணும். சனிக்கிழமை அவர் எடுக்க மாட்டார். எடுத்தா ஆஸ்பத்திரிக்கு அனுப்புன்னு சொல்லுவார். ஆம்புலன்ஸ் வர ரெண்டு மணி நேரம். அதுவரைக்கும் நான் அவர் பக்கத்துல நிக்கணும். மாத்திரை யார் குடுக்கிறது? அவருக்கு எப்பவும் இப்படித்தானேக்கா இருக்கு."

"நீயே வந்து ஒரு நிமிஷம் பாரு."

டபிதா நடைபாதையைப் பார்த்தாள். இரண்டு அறையில் அழைப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. யாரோ தண்ணீர் கேட்டுக் கத்தினார்கள். அவள் முகம் அழுவதுபோல் ஆனது. ஆனால் அழவில்லை.

"ஆளைப் பார்த்து முடிவு பண்றது என் வேலைக்கா. உங்களுது இல்ல." காகிதத்தை நீட்டினாள். "பழைய மாதிரியே போட்டுருங்களேன். அப்புறம் நான் வந்து பார்க்கறேன்."

டெல்ஃபா காகிதத்தை வாங்கினாள். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். முப்பது பேர் சாப்பாட்டுக்குக் காத்திருந்தார்கள், முதுகு விட்டுப்போயிருந்தது, இந்த வேலையும் போனால் வேறு வேலை கிடையாது. இதெல்லாம் காரணம்தான். ஆர்லிஸ் தூக்கில் மூடி வைக்கச் சொன்ன பெட்டியும் அவளுக்கு ஞாபகம் வந்தது. அது வரவில்லை என்று சொன்னால் பொய்.

முப்பத்திரண்டின் மேல் ஒற்றைக் கோடு போட்டாள். அடித்துக் கிறுக்கக் கூடாது, அழிக்கக் கூடாது, பழைய எண் தெரியும்படி ஒரே கோடு. அதன் மேல் 'பிழை' என்று எழுதி, தன் பெயரின் முதலெழுத்துகளைப் போட்டு, தேதியும் நேரமும் குறித்து, பக்கத்தில் பதினெட்டு என்று எழுதினாள். தவறாக எழுதியதைத் திருத்தும் முறை அது. முதல் பருவத்தில் மிஸஸ் ப்ரூயிட் கரும்பலகையில் எழுதிக் காட்டியது. அந்தப் படிப்பில் அவள் கைக்கு மிஞ்சியது அது ஒன்றுதான்.

வேலை முடிந்து கிளம்பும்போது பதினோராம் அறையை எட்டிப் பார்க்காமல் போனாள்.

வீட்டுக்கு வந்தபோது மலைக்குமேல் இன்னும் வெளிச்சம் இருந்தது. எஸ்டில் ஒரு கோப்பை மோரில் சோள ரொட்டியை உதிர்த்துப் போட்டுக் கரண்டியால் தின்றுகொண்டிருந்தான். அவள் செருப்பைக் கழற்றி, எதிரில் உட்கார்ந்து, தன் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டாள். அவன் அவளையே பார்த்தான். கோபம் ஆறிப்போய், சமாதானமாகப் போகலாம் என்று நினைத்தானோ என்னவோ, இரண்டு மாதத்துக்குப் பிறகு பழைய கேள்வியைக் கேட்டான்.

"ஆர்லிஸ் கிழவன் செத்தானா?"

"இல்ல" என்றாள் டெல்ஃபா. "நல்லாத்தான் இருக்கான். மூச்சு பதினெட்டு."

எஸ்டில் கரண்டியைக் கோப்பைக்குள் வைத்தான். அதற்குப் பிறகு அவன் தின்னவில்லை.